மறுமுறை கண்ட இராமாயணம்

இளமையில் சுவைத்த பண்டம் முதுமையில் அதே சுவையைத் தருவதில்லை. மாறியது பண்டமா, நாவா என்று துணிவதும் எளிதன்று. படங்களின் செய்தியும் இதுவே.

1990களின் இறுதி. தமிழகத்து அகதி முகாமொன்றில் வளரும் முள்ளியவளைச் சிறுவன் ஒருவனை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். விடுமுறை நாளொன்றில் அயல்வீட்டுத் தொலைக்காட்சியில் இராமாயணக் கார்ட்டூன் படம் ஓடுகிறது. மொழி முற்றும் விளங்கவில்லை, கதை விளங்குகிறது. அது பாட்டி சொன்ன கதையன்றோ!

அப்படத்தை ஆக்கத் தொடங்கியவர் யூகோ சாகோ என்னும் ஜப்பானியர். இறைவனை நடிகரைக் கொண்டு காட்டுவதிலும் ஓவியத்தில் காட்டுவதே தகும் என்பது அவர் கருத்து. இந்திய ஓவியர் ராம் மோகன் துணை நின்றார். ஏறத்தாழ 1,00,000 ஓவியங்கள் கையால் தீட்டப்பட்டன. வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். 1992இல் நிறைவெய்திய அப்படம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.

அனுமன் வாலில் தீ பற்றியது, இலங்கை எரிந்தது, சிறுவன் கைதட்டி ஆர்த்தான்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் அவன் ஊர் திரும்பினான். 2008இன் இறுதியில் ஊரோடு மீண்டும் இடம்பெயர்ந்தான். போர் ஓய்ந்து மீளக் குடியமர்ந்தபோது வீட்டிற்குக் கூரையில்லை. இன்று நாற்பதைக் கடந்த அவன், தன் மகனோடு அதே படத்தைக் காண்கிறான். ஓவியம் இன்றும் அழகியதே. ஆயினும் இலங்கை எரியும்போது அவன் கைகள் எழவில்லை. அம்மாடங்களில் வாழ்ந்தோர் எங்கே ஓடினர் என்றே அவன் கண் தேடுகிறது. அயலூரான வற்றாப்பளையும் அவன் நினைவில் எழுகிறது. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறி அமர்ந்த இடம் அதுவென்பது ஊரார் நம்பிக்கை. ஆண்டுதோறும் வைகாசியில் அவர்கள் பொங்கலிடுவது எரித்தவளைக் குளிர்விக்கவே.

மகன் கைதட்டுகிறான். தந்தை தடுக்கவில்லை. அனுமன் மருந்து மலையைச் சுமந்து வரும் காட்சி வந்ததும், "இதை வடிவாய்ப் பார், தம்பி," என்கிறான். முன்னாளில் அவன் பொறுமையின்றிக் கடந்த காட்சி அது.

"மலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாரா, அப்பா?" என்று மகன் கேட்கிறான்.

"பெயர்த்ததை இருந்த இடத்தில் வைக்கத்தானே வேண்டும்," என்கிறான் தந்தை.

படம் மாறவில்லை. காண்பவன் வளர்ந்திருக்கிறான். நல்ல படத்தை மறுமுறை காண்பதன் பயன் இதுவே.