புதிதாய் வந்தோரும் இந்நாட்டு வெப்பமும்



தமிழ்நாட்டிலிருந்து நம் தோட்டங்களுக்குப் புதிதாய் வருவோர், 40 பாகை வெயிலையே கண்டவர்கள் தாங்கள் என்று கூறுவதுண்டு. உண்மைதான். இங்குப் பகலில் 32, 33 பாகை செல்சியஸ்தான். ஆயினும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. பால்மரக் காட்டினுள் காற்றோட்டமும் குறைவு. நிழல்தானே என்று எண்ணி ஏமாறலாகாது.

இவ்வெப்பத்திற்கு உடல் பழக ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் ஆகும். வந்த முதல் நாளே முழுப் பங்கு மரங்களையும் வெட்டச் சொல்வது முறையன்று. மண்டோர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறோம். விடியற்காலை வெட்டைவிட, 10 மணிக்குமேல் பால்வாளி சுமக்கும் வேளையே கடுமையானது. தாகத்திற்குக் காத்திராமல் கால்மணி நேரத்திற்கொரு குவளை நீர் அருந்துங்கள்.

தலைசுற்றினால் வேலையை நிறுத்தி அமருங்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறி நினைவு மயங்கினாலோ, அது உயிருக்கே ஆபத்து. உடனே 999 எண்ணுக்கு அழையுங்கள். உதவி வரும்வரை உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் புகட்டாதீர்கள். வாளியிலுள்ள பால் உறைந்தால் உறையட்டும்.