வழுக்காத பிடி



கருவி என்றதும் நாம் அதன் கூர்மையைப் பற்றியே பேசிக்கொள்கிறோம். கத்தியா, சாணை பிடித்ததா என்று கேட்கிறோம். அதன் பிடி எப்படி என்று கேட்பவர் மிகச் சிலர். அச்சிறு பிடியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பாதையில் எஹலியகொட என்னும் ஊர் உள்ளது. அதனைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்திருக்கின்றன. அத்தோட்டங்களுள் ஒன்றில் என் தாயார் பால் வெட்டினார். ஒரு நாள், இரவு பெய்த மழை ஓய்ந்து, மரப்பட்டை காய்ந்தபின் சற்றுத் தாமதமாகவே வெட்டு நடந்தது. அன்று இரண்டு மரங்களில் காயம் பட்டுவிட்டது. மாலையில் அவருக்கு அரைப்பேரே விழுந்தது. "கத்தி வழுக்கிப் போச்சுங்க ஐயா" என்று அவர் சொன்னதை ஒருவரும் செவிமடுக்கவில்லை. கை நடுங்கியது என்றார்கள். கவனம் இல்லை என்றார்கள். கத்தியை வாங்கி அதன் பிடியைத் தடவிப் பார்த்தவர் எவருமில்லை.

காயம் என்பது அத்துணைப் பெரிய குற்றமா என்று நேயர்கள் வினவலாம். ஆம், பெரியதுதான். இறப்பர் மரத்தின் பால்நாளங்கள் பட்டையின் உட்புறத்திலேயே நெருங்கி அமைந்துள்ளன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தையும் பட்டையையும் வளர்க்கும் மெல்லிய வளர்படை இருக்கிறது. நல்ல வெட்டு அவ்வளர்படைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இப்பால் நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் சீவும் பட்டையோ ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் வளர்படை புண்பட்டு, புதுப்பட்டை முடிச்சும் முண்டுமாக எழும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட வருபவருக்கு அம்முண்டுகளில் கத்தி ஓடாது. இவ்வளவு நுண்ணிய வேலையை இருள் பிரியும் வேளையில், நாளொன்றுக்கு முந்நூறு அளவிலான மரங்களில், சரிவான நிலத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டும்.

இனி, ஈரத்துக்கு வருவோம். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மரத்தில் பொலித்தீன் மழைக்கவசம் கட்டும் வழக்கம் வந்தபின், முன்னர் வெட்டு நின்றிருக்கக் கூடிய நாட்களிலும் வெட்டு நடக்கிறது. மரத்துக்குக் கவசம் கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை. பனி, வியர்வை, விரலிடையே வழிந்த பால் ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு. அட்டைக்கு அஞ்சிக் காலில் சவர்க்காரம் பூசுவார்கள். பூசிய கையாலேயே கத்தியைப் பிடிப்பார்கள். இதைவிடச் சிறந்த வழுக்கல் வேறெங்கே கிடைக்கும்?

வழுக்குவதன் காரணம் எளியது. மழமழப்பான மரத்துக்கும் நனைந்த உள்ளங்கைக்கும் இடையே நீர் ஒரு மெல்லிய ஏடாகத் தங்கிவிடுகிறது. அது விலகிச் செல்ல வழியிருந்தால்தான் தோல் மரத்தைத் தொடும். கைத்துப்பாக்கி செய்வோர் இதனை நன்கு உணர்ந்தவர்கள். பிடியின் இருபுறமும் பதிக்கும் வாதுமை மரத் துண்டுகளில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளைக் கீறிச் சிறு சிறு வைரக்கட்டங்களை எழுப்புகிறார்கள். நீர் கோடுகளில் இறங்க, கட்டங்களின் முனைகள் உள்ளங்கையைப் பற்றுகின்றன. உயிரைப் பறிக்கும் கருவிக்கு இத்தனை கவனம் செலுத்தியவர்கள், சோறு போடும் கருவிக்கும் அதிற் பாதியேனும் செலுத்தியிருக்கலாம். கிரிக்கெட் மட்டையின் பிடிக்கும் நூல் சுற்றி, மேலே இறப்பர் உறை மாட்டுகிறார்களே!

எஹலியகொடவில் உள்ள ஒருவர் தம் கத்தியில் இதனைச் செய்வது கடினமன்று. கடையிலிருந்து வரும் பிடியில் பளபளப்புப் பூச்சு இருக்கும். முதலில் அதனை உடைந்த கண்ணாடித் துண்டினால் சுரண்டி நீக்க வேண்டும். கண்ணாடியைத் துணியாற் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னர், இரும்பறுக்கும் வாளின் பழைய அலகு ஒன்றைக் கொண்டு சாய்வாகக் கோடுகள் இழுத்து, அவற்றுக்கு எதிர்ச்சாய்வாக மீண்டும் இழுக்கலாம். அரை மில்லிமீற்றர் ஆழம் போதும். ஆர்வ மிகுதியால் ஆழமாகக் கீறினால் முந்நூறாவது மரத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிடும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட மென்மையான பகுதி உராயும் இடத்தை மழமழப்பாகவே விட்டுவிடுவது நன்று. எண்ணெய் பூசவே கூடாது.

கோடு கீற இயலாதவர்களுக்குப் பழைய சைக்கிள் தியூப் இருக்கிறது. அதனை விரலகல நாடாவாக வெட்டி, இழுத்துப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறும்படி சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றின் அடியில் செருகிவிட வேண்டும். மரத்திலிருந்து வடியும் பாலையே பிடியில் பூசினால் என்ன என்று எண்ணத் தோன்றும். நானும் சிறுவயதில் பூசிப் பார்த்தேன். காலையில் நன்றாக இருந்தது. வெயில் ஏறியதும் கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. பச்சை இறப்பரின் இயல்பு அது. கந்தகம் கலந்து சூடேற்றி அந்தக் குறையை நீக்கும் வழியை அமெரிக்கராகிய சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். ஆகவே தோட்டத்துப் பால் எங்கெங்கோ சென்று, சக்கரத்தில் ஓடித் தேய்ந்து, தியூபாகத் திரும்பி வந்த பின்னரே கத்திப் பிடிக்கு உதவுகிறது.

சுற்றுவதால் மற்றுமொரு நன்மையுண்டு. எல்லோருக்கும் ஒரே அளவுப் பிடிதான் வருகிறது. எல்லோருக்கும் ஒரே அளவுக் கையன்று. மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்கும் கை விரைவில் சோர்ந்துபோகும். இரண்டு சுற்றுச் சுற்றினால் பிடி தடிக்கும். சிறிய கைக்காரருக்கு ஒரு சுற்றே போதும். பிடித்திருக்கும்போது விரல் நுனிகள் உள்ளங்கையை மெல்லத் தொடுமளவு இருந்தால் அதுவே ஏற்ற பருமன் என்று கொள்ளலாம்.

என் தாயார் பின்னர் தாமாகவே பிடியில் தியூப் சுற்றிக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை அதனை அவிழ்த்து, மரத்தைக் காயவைத்து மீண்டும் சுற்றுவார். இல்லையேல் உள்ளே ஈரம் தங்கிப் பிடி உளுத்துவிடும் என்பார். வீட்டில் எவரும் அந்தக் கத்தியைத் தொட அவர் விட்டதில்லை.