தெளிவு வேறு, தூய்மை வேறு



கிணற்றில் இறைத்த நீரைக் குவளையில் முகந்து, கதிரொளியில் உயர்த்திப் பார்க்கின்றான் ஓர் உழவன். தூசில்லை, நிறமில்லை, நாற்றமில்லை. 'இது தூய நீர்' என்று முடிவு செய்து பருகுகின்றான். அம்முடிவு சரிதானா? நீரின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

நீர் பகுக்கவொண்ணாத் தனிப்பொருள் என்றே உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காவெண்டிசும் பிரான்சில் இலவோசியேவும் நிகழ்த்திய ஆய்வுகளே அஃது ஒரு கூட்டுப்பொருள் எனக் காட்டின. 1800-இல் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்னோட்டத்தைச் செலுத்தி நீரைப் பிரித்தனர். பிரிந்தவை இரண்டு வளிகள். ஒன்று, ஐதரசன் எனப்படும் நீரகம்; மற்றொன்று, ஆக்சிசன் எனப்படும் உயிரகம். முன்னது தானே எரிவது. பின்னது எரிவதை வளர்ப்பது. இவ்விரண்டும் கூடிய நீரோ தீயை அவிப்பது! கூட்டம் வேறு, கூறுகள் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நீரின் மூலக்கூற்றில் உயிரக அணு ஒன்று. நீரக அணுக்கள் இரண்டு. இம்மூன்றும் நேர்க்கோட்டில் நில்லாமல், ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இவ்வளைவே நீரின் வியத்தகு இயல்புகளுக்குக் கரணியம். உயிரகப் பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், நீரகப் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. அதனால் ஒரு மூலக்கூறு அடுத்ததை ஈர்த்துப் பற்றுகின்றது. நீரகமும் கந்தகமும் கூடிய பொருள், சுழிக்குக் கீழ் 60 பாகைச் செல்சியசிலேயே கொதித்து வளியாகிவிடும். நீரோ 100 பாகை வரை பொறுத்து நிற்கின்றது. இப்பற்று இல்லையேல் ஆறுமில்லை, கடலுமில்லை. அவற்றை நம்பி வாழும் உயிர்களுமில்லை.

இவ்விருமுனைத் தன்மை மற்றுமொரு வேலையும் செய்கின்றது. உப்புக் கல்லை நீரிலிட்டால், அதன் நேர்மின் துகள்களையும் எதிர்மின் துகள்களையும் நீர் மூலக்கூறுகள் தனித்தனியே சூழ்ந்து பிரித்துக்கொண்டு போகின்றன. கண்ணெதிரே இருந்த கல் காணாமற் போகின்றது. ஆயினும் ஒரு துகளும் அழியவில்லை. மண்ணின் ஊட்டத்தை வேருக்கும், உணவின் ஊட்டத்தைக் குருதி வழியே உடலுக்கும் கொண்டு சேர்ப்பது இவ்வாற்றலே.

ஆனால், நல்லது எது, தீயது எது என்று நீர் அறியாது. பாறையிடுக்கில் நெடுநாள் தங்கும்போது, அங்குள்ள புளூரைடு என்னும் உப்புக் கூற்றையும் கரைத்துக் கொள்கின்றது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீர் பலவிடங்களில் இத்தகையதே. குடிநீரில் 1 இலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளூரைடு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. வரம்பு மீறிய நீரை வளரும் பருவத்தில் பருகிய சிறாரின் பற்களில் வெள்ளையும் பழுப்புமாய்க் கறை படிகின்றது. மிகையளவு ஆண்டுக்கணக்கில் தொடரின் எலும்பும் மூட்டும் இறுகி, குனியவும் நிமிரவும் இயலாமற் போகும்.

துணியால் வடிகட்டினால் நீங்குமோ? நீங்காது, கரைந்த துகள் துணியில் தங்காது. காய்ச்சினால் நீங்குமோ? காய்ச்சுதல் நோய் நுண்ணுயிரைக் கொல்லும், புளூரைடை அகற்றாது. ஆவியாய்ப் போவது நீர்; எஞ்சி நிற்பது நஞ்சு. இலிட்டருக்கு 2 மில்லிகிராம் கொண்ட நீர் பாதியாய் வற்றினால், எஞ்சியதில் அது ஏறத்தாழ 4 மில்லிகிராம் ஆகிவிடும். நலம் நாடிச் செய்த செயலே தீங்கைப் பெருக்கும்!

வழி இல்லாமலில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் அளவறிந்து கலந்து, படியவைத்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை உண்டு. கதிரவன் காய்ச்சி வடித்துத் தரும் மழைநீர் உண்டு. அதில் புளூரைடு மிகக் குறைவு. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் 2013-இல் செயலுக்கு வந்தது.

எனினும், முதற்கண் வேண்டுவது ஆய்வே. கண்ணுக்குப் புலனாகாததைக் கண்ணால் அளப்பது அறிவன்று. ஒவ்வோர் ஊரும் தன் கிணற்று நீரை ஆய்வகத்திற்கு அனுப்பி, அளவறிந்து பருகுதல் வேண்டும். தெளிவைக் காட்டுவது கண். தூய்மையைக் காட்டுவது அறிவு.