ஓங்கிய கை

(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!" பெற்றோர் இப்படிச் சொல்லி நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் அப்பாவும் இதையே சொன்னார். வீட்டில் பெல்ட்டால் அடிப்பார். "எங்கப்பா அடிச்சதுல இது பாதிகூட இல்லடா" என்பார்.

அவரைப் போல ஆகக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். ஆனால், என் மகள் வாய்ப்பாட்டைத் தவறாகச் சொன்ன ஒரு மாலையில் என் கை தானாக ஓங்கியது. அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு கண்களை இறுக மூடினாள். சிறுவயதில் நானும் அப்படித்தான் நிற்பேன். அதற்கு முன்பும் இருமுறை அவளை அடித்திருக்கிறேன். அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அடிபட்டு வளரும் குழந்தை, கோபம் வந்தால் கை ஓங்குவதுதான் வழி என்று கற்றுக்கொள்கிறது. அதை அக்கறை என்றும் நம்பிவிடுகிறது.

ஆனால், இது தலைவிதி அல்ல. குழந்தைப் பருவத்தில் வதைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே தம் பிள்ளைகளையும் வதைக்கிறார்கள் என 1987இல் காஃப்மன், சிக்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த எகலண்ட் குழுவினரின் ஆய்வு, வதைபட்டும் அதைத் தம் பிள்ளைகளிடம் தொடராத தாய்மார்களைப் பற்றியது. அவர்களில் பலருக்குச் சிறுவயதில் அன்பு காட்டிய பெரியவர் ஒருவர் இருந்திருக்கிறார். மனநலச் சிகிச்சையும் ஆதரவான துணைவரும் கைகொடுத்திருக்கின்றனர்.

எனக்கு அந்தப் பெரியவர் என் ஆறாம் வகுப்பு ஆசிரியை. என் கைத் தழும்பைப் பார்த்தவர், அப்பாவை வரவழைத்து, "பையன் கணக்குல கெட்டிக்காரன்" என்று சொல்லி அனுப்பினார். அன்றிரவு எனக்கு அடி விழவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பறையில் நம் கை ஓங்காதிருந்தால் மட்டும் போதாது. நாட்குறிப்பில் நாம் எழுதும் ஒரு புகார், இரவில் வீட்டில் அடியாக விழலாம். எழுதும்முன் சற்று யோசிப்போம். பெற்றோரை அழைத்தால் முதலில் பிள்ளையின் நல்லதொன்றைச் சொல்வோம். அவர்களும் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகளாக இருக்கலாம். குழந்தையின் உடலில் காயங்கள் தெரிந்தால் தலைமையாசிரியரிடம் தெரிவித்து, 1098ஐ அழைப்போம்.

என் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே அடிக்க மாட்டீங்கல்லப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு இன்றும் தினந்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.