நோவும் கைமருந்தும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோவுக்குக் கைமருந்து என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். யான் பரியாரி அல்லேன். பரியாரி ஒருவரின் பேரன். மருந்துச் சரக்குகளின் நடுவே வளர்ந்தவன் என்னும் உரிமை மட்டுமே எனக்குண்டு.

நோயாளி வந்து அமர்ந்ததும், "எங்கே நோகுது?" என்று பாட்டனார் கேட்பார். அதனோடு நில்லார். குத்துகிறதா, உளைகிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா எனத் துருவுவார். மருந்துப் பெட்டி திறப்பது அதன் பின்னரே.

பல்லுக்குத்தென்றால் கராம்பை நசித்துப் பஞ்சில் வைத்துக் கடிக்கக் கொடுப்பார். கராம்பெண்ணெயிலுள்ள இயூஜினோல் என்னும் பொருள் நோவை மரக்கச் செய்வது. பல்வைத்தியர்களும் அதனை நாகவொட்சைட்டுடன் குழைத்துப் பல்லடைக்கப் பயன்படுத்துவர். ஆயினும் சூத்தை அதனால் மாறாது. எண்ணெயை மிகுதியாகப் பூசினால் முரசு வெந்துபோம். சிறு குழந்தை விழுங்கினாலோ நஞ்சாம். மூலிகையென்றால் பயமில்லை, குளிசையென்றால்தான் பயம் என்பார் இதனை நினைவிற் கொள்க. ஆஸ்பிரின் குளிசையும் வில்லோ மரப்பட்டையை ஆராய்ந்த வழியிலேயே 1897 இல் தூய நிலையில் ஆக்கப்பட்டது.

மூட்டு உளைவுக்கு நொச்சியிலையும் ஆமணக்கிலையும் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தணம் கொடுப்பதுண்டு. சூட்டினால் இரத்தவோட்டம் கூடித் தசை தளரும். அன்றைக்கே சுளுக்கி வீங்கிய காலுக்கு இது ஆகாது. முதலிரு நாட்கள் குளிர்ச்சியே வேண்டும். விளையாட்டு வீரர்கள் கவனிப்பார்களாக! வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் வேர்க்கொம்பும் நம் அன்னைமார் அறிந்தவையே.

வேர்க்கொம்பைப்பற்றி ஒன்று சொல்லவே இங்கு வந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு என் தந்தையாருக்கு நெஞ்சிற் பாரம் ஏற்றினாற்போல நோவு கண்டது. இடக்கை உளைந்தது; உடம்பெல்லாம் வியர்த்தது. வாய்வு என்றோம். வேர்க்கொம்பு அவித்துக் கொடுத்தோம். ஏவறை விட்டார், சற்றுச் சுகம் என்றார். நாங்களும் நம்பிப் படுத்தோம். விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவன் யானே.

பாட்டனார் அப்பொழுது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் அந்த வியர்வையைக் கண்டதுமே, "வண்டியைப் பிடியுங்கோ" என்றிருப்பார். தம்மால் ஆகாததை அவர் ஒருபோதும் தொட்டதில்லை. வலப்பக்க அடிவயிற்றில் நோவும் காய்ச்சலும் சத்தியும் சேர்ந்து வந்த பையனுக்குப் பேதிக்குக் கொடுக்க மறுத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதை யான் கண்டிருக்கிறேன். குடல்வால் வீங்கியிருக்கையில் ஆமணக்கெண்ணெய் கொடுத்தால் அது வெடித்துவிடவும் கூடும். திடீரெனத் தாங்கொணாத் தலையிடி எழுந்தாலும், தலையிடியுடன் கழுத்து விறைத்தாலும் பற்றுப்போட்டுக் காத்திராதீர்கள். இன்று 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வருகின்றது. அவ்விலக்கத்தை அடுக்களைச் சுவரில், சரக்குப் போத்தல்களுக்கு மேலே, எழுதிவைத்திருக்கிறோம்.

பாட்டனார் நட்ட நொச்சி எங்கள் வளவில் இப்பொழுதும் நிற்கின்றது. கொப்பு வேண்டுவோர் எந்நேரமும் வரலாம். எந்த நோவுக்கென்று கேட்டுத்தான் முறித்துத் தருவேன், கோபிக்க வேண்டாம்.