ஒரே பூங்காவில் எதிரெதிர் நினைவுகள்: சிங்கப்பூரின் போர்க்கால நடை



ஒரு நகரத்தின் போர்க்கால வரலாற்றை அறிய நூல்களும் ஆவணக் காப்பகங்களும் இன்றியமையாதவை. ஆயினும், நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே நின்று, வழிகாட்டி ஒருவர் விளக்கக் கேட்டு, ஒரு நினைவுச்சின்னத்திலிருந்து அடுத்த நினைவுச்சின்னத்துக்கு நடந்து செல்லும் வரலாற்று நடை, நூல் தராத ஒன்றைத் தருகிறது. நூலில் தனித்தனி அதிகாரங்களாகப் பிரிந்து கிடக்கும் நினைவுகள் தெருவில் ஒன்றன் அருகில் ஒன்றாக நிற்கின்றன. எந்தச் சின்னத்தை யார், எப்போது, யாருக்காக எழுப்பினார்கள் என்னும் கேள்வி நடப்பவரின் உள்ளத்தில் தானாகவே எழுகிறது. இந்த உண்மையைத் தெளிவாக உணர்த்தும் நகரங்களுள் சிங்கப்பூர் ஒன்று. ஒரு காலைப் பொழுதில் நடந்து முடித்துவிடக்கூடிய அதன் மையப் பகுதி, தமிழரின் போர்க்கால வரலாற்றோடும் நேரடித் தொடர்புடையது.

இந்த நடைக்குப் பொருத்தமான தொடக்கம் ஃபோர்ட் கேனிங் குன்று. அக்குன்றின் அடியில், ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில், மலாயாப் படைத்தலைமையின் நிலவறைக் கட்டளையகம் இருந்தது. இன்று அது அருங்காட்சியகமாக உள்ளது. 1942 பிப்ரவரி 15 காலையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் தம் படை அதிகாரிகளோடு கூடி, ஜப்பானியரிடம் சரணடைவது என்று அங்கேதான் முடிவு செய்தார். நீர்த்தேக்கங்கள் எதிரியின் கைக்குப் போயிருந்தன. குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து, நகருக்குள் தண்ணீர் கிடைப்பதே அரிதாகிவிட்டிருந்தது. உணவும் வெடிமருந்தும் குறைந்துகொண்டிருந்தன. அன்று மாலை புக்கித் தீமாவிலிருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில், ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவின் முன்னிலையில் சரணடைவு ஆவணம் கையெழுத்தாயிற்று. சீனப் புத்தாண்டின் முதல் நாளும் அதுவே. நகரத்தின் பெயர் 'சியோனான்' என மாற்றப்பட்டது. கடிகாரங்கள்கூட டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன.

குன்றிலிருந்து இறங்கினால் சிறிது தொலைவிலேயே கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பைக் காணலாம். பின்னாலிருந்த கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டபோதும் முகப்பு மட்டும் காக்கப்பட்டது. 1943 ஜூலை 4 அன்று, ராஷ் பிஹாரி போஸிடமிருந்து கிழக்காசிய இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றுக்கொண்டதும், அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் இக்கட்டடத்தில்தான். அதன் அருகிலேயே, அந்நாளைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் 'கெம்பெய்தாய்' எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவற்படையின் அலுவலகம் இயங்கியது. ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட எண்ணற்றோர் அங்கே வதைக்கப்பட்டார்கள். விடுதலை முழக்கம் எழுந்த மேடையும் வதைக்கூடமும் சில நிமிட நடைத்தொலைவில் இருந்தன என்பதை நிலப்படம் சொல்லலாம். ஆனால் அவ்வழியே நடப்பவருக்கே அதன் கனம் முழுவதும் புலப்படும்.

அடுத்து வருவது படாங் எனப்படும் பெருந்திடல். திடலை நோக்கி நிற்கும் நகராட்சிக் கட்டடம், இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. அக்கட்டடத்தின் முன்னால் 1943 ஜூலை 5 அன்று போஸ், ஜப்பானியரின் துணையோடு இந்திய விடுதலைக்குப் போரிடத் திரண்ட இந்திய தேசிய இராணுவத்தைப் பார்வையிட்டு, தில்லியை நோக்கி நடக்குமாறு அறைகூவினார். அதே கட்டடத்தினுள் 1945 செப்டம்பர் 12 அன்று, தென்கிழக்காசியாவிலிருந்த ஜப்பானியப் படைகளின் சரணாகதியை நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் பெற்றுக்கொண்டார். ஜப்பானியர் சார்பில் தளபதி இத்தாகாக்கி கையெழுத்திட்டார். இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அக்கட்டடத்தின் படிக்கட்டுகள் இரு வேறு வெற்றி முழக்கங்களைக் கேட்டுவிட்டன.

திடலைக் கடந்தால் எஸ்பிளனேட் பூங்கா. இந்த நடையின் சாரம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இங்கு விரைந்து செல்வது முறையன்று.

முதலில் கண்ணில் படுவது 'செனடாஃப்'. உடல் வேறெங்கோ புதைந்திருக்க, மாண்டவரின் நினைவுக்காக மட்டும் எழுப்பப்படும் வெற்றுக் கல்லறையை இச்சொல் குறிக்கும். முதல் உலகப் போரில் உயிர்நீத்த, சிங்கப்பூரைச் சேர்ந்த 124 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் இச்சின்னத்தை, 1922 மார்ச் 31 அன்று அந்நாளைய வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அதன் மறுபக்கத்தில் அப்போரில் இறந்தோருக்கான அர்ப்பணிப்பு பொறிக்கப்பட்டது. ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. ஒரே கல்லின் ஒரு முகம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க, மறுமுகம் அனைவரையும் ஒரே தொடரில் வணங்கி அமைகிறது. முதற்போரில் இந்நகரத்தின் இழப்பைப் பட்டியலிட முடிந்தது. இரண்டாம் போரிலோ போர்க்களமே நகருக்குள் வந்துவிட்டது.

செனடாஃபுக்கு அருகிலேயே இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் நின்ற இடம் உள்ளது. 1945 ஜூலை 8 அன்று போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் திரும்பிவந்த சில நாட்களிலேயே அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தங்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களின் நினைவு கல்லாகக்கூட நிலைக்கக் கூடாது என்று அன்றைய அரசு கருதியது. போர் முடிந்து அரை நூற்றாண்டு நிறைந்த 1995இல், சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் ஒரு நினைவுக்குறியை நிறுவிற்று. இடித்தவர்களின் ஆட்சி போய்விட்டது. இடிக்கப்பட்டதன் நினைவு திரும்பியிருக்கிறது.

அதே பூங்காவில் எண்கோண வடிவில் உயர்ந்து நிற்கிறது லிம் போ செங் நினைவுச்சின்னம். சீன வணிகரான இவர், ஜப்பானியருக்கு எதிரான தலைமறைவுப் போரை நடத்திய 'ஃபோர்ஸ் 136' என்னும் நேசநாட்டு இரகசியப் படைப்பிரிவில் சேர்ந்து மலாயாவுக்குள் நுழைந்தார். கெம்பெய்தாயிடம் அகப்பட்டு, தோழர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து, 1944 ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் உயிர்விட்டார். அதன் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், 1954இல், இச்சின்னம் திறக்கப்பட்டது. நான்கு வெண்கலச் சிங்கங்கள் சூழ நிற்கும் இதன் வெண்கலத் தகடுகளுள் ஒன்று அவர் வரலாற்றைத் தமிழில் கூறுகிறது.

இங்குதான் நடப்பவர் நின்று சிந்திக்க வேண்டும். ஜப்பானியரின் துணையோடு இந்திய விடுதலைக்குப் போரிட்டவர்களின் நினைவும், ஜப்பானியரை எதிர்த்து உயிர்கொடுத்தவரின் நினைவும், அவ்விரு தரப்பாரையும் ஆண்ட பேரரசின் நினைவும் ஒரே பூங்காவில் அமைந்திருக்கின்றன. போஸின் முழக்கத்துக்குத் திடலில் இந்தியர்கள் ஆர்ப்பரித்தபோது, ஜப்பானியர் நடத்திய 'சூக் சிங்' என்னும் களையெடுப்புப் படுகொலையில் தந்தையையும் மகனையும் பறிகொடுத்த சீனக் குடும்பங்கள் அதே நகரத்தில் துயரில் மூழ்கியிருந்தன. ஒருவரின் நம்பிக்கை மற்றொருவரின் துயரத்தைப் பொய்யாக்கிவிடாது. ஒருவரின் துயரம் மற்றொருவரின் நம்பிக்கையைக் குற்றமாக்கிவிடவும் கூடாது. முரண்பட்ட நினைவுகளுக்கு அருகருகே இடம் கொடுப்பதே ஒரு நகரத்தின் முதிர்ச்சி என்பதை இப்பூங்கா எடுத்துக்காட்டுகிறது.

பூங்காவை அடுத்து, பீச் சாலையோரத்தில் குடிமக்கள் போர் நினைவுச்சின்னம் வானளாவ நிற்கிறது. 1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த சூக் சிங் படுகொலையில் மாண்டவர் தொகை குறித்து மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. 1962இல் சிக்லாப் பகுதியில் புதைகுழிகள் கண்டறியப்பட்டபோது, சீன வணிகர் சங்கம் எச்சங்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டது. முதலில் சீனருக்கென எண்ணப்பட்ட சின்னம், ஆக்கிரமிப்பில் மாண்ட எல்லா இனத்துக் குடிமக்களுக்கும் உரியதாக விரிவுபெற்று, 1967 பிப்ரவரி 15 அன்று பிரதமர் லீ குவான் யூவால் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 67 மீட்டர் உயரமுள்ள நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்னும் நான்கு பிரிவினரைக் குறித்து ஒரே அடித்தளத்திலிருந்து எழுகின்றன. அவற்றின் கீழே 606 தாழிகளில் பெயர் அறியப்படாதோரின் எச்சங்கள் அடங்கியுள்ளன.

இவ்வளவும் கண்ட பிறகு, தமிழர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது: தம்மவருள் யாருடைய பெயர்கள் இன்னும் பொறிக்கப்படவில்லை? மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர், சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவம் செய்துவந்த லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சயாம் மரண இரயில் என்று தமிழர் வாய்வழக்கில் நிலைத்துவிட்ட அப்பாதையில், காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைத் தின்றன. போர்க்கைதிகளாக மாண்ட நேசநாட்டு வீரர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. தொழிலாளர்களுக்கோ பெயர்ப்பட்டியலே முழுமையாக இல்லை. வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் செயலும் பொறித்து நடுகல் நடுவது தமிழர் மரபு; கல் தேர்ந்து, நீராட்டி, நடும் அம்முறையைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. அம்மரபுக்குரிய மக்கள், வாள் ஏந்தாமல் மண்வெட்டி ஏந்தி மாண்ட தம்மவர்க்கு அக்கடனை முழுமையாகச் செலுத்தவில்லை. காஞ்சனபுரியில் அண்மையில் தமிழர் முயற்சியால் எழுந்த நடுகல் அதற்கு நல்லதொரு தொடக்கம்.

ஆகவே இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் இரண்டு. போர்க்கால நடையை நடத்தும் வழிகாட்டிகள், போஸின் படை பார்வையிடப்பட்ட திடலில் நிற்கும்போது, மலாயாவின் தோட்டங்களிலிருந்து இரயில் பாதைக்குச் சென்றவர்களைப் பற்றியும் தவறாமல் பேச வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ தேவையில்லை. மலாயாவோடும் சிங்கப்பூரோடும் தொடர்புடைய தமிழ்க் குடும்பங்கள், திரும்பி வராத உறவினரின் பெயர், ஊர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்து, ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கல்லில் பொறிப்பதற்குப் பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பார்கள். இந்தப் பணியைத் தமிழ் அமைப்புகள் இவ்வாண்டே தொடங்குமாறு கேட்டு, இவ்வுரை நிறைவுறுகிறது.