முடிவை எங்கிருந்து எடுக்கின்றனர்?
(ஆலங்குளத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர்க் காய்கறிச் சந்தையில் கூடையை இறக்கி வைத்த உழவர், "விலை பேசி முடித்துவிட்டேன்" என்கிறார். மகளுக்கு மணம் பேசியவரும் "பேசி முடித்தாயிற்று" என்றே சொல்கிறார். 'முடிவு எடுத்தேன்' என்று அவர் வாயில் வருவதில்லை. அவரே ஓர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் விடுத்தால், 'தங்கள் விண்ணப்பத்தின் மீது முடிவு எடுக்கப்படும்' என்று மறுமொழி வருகின்றது. முடிவு என்ன, பரண்மேற் கிடக்கும் பானையா, எடுப்பதற்கு?

ஆங்கிலேயன் முடிவை 'டேக்' செய்கிறான்; அமெரிக்கன் 'மேக்' செய்கிறான். அஃது அவரவர் மொழிவழக்கு. நாம் பழிக்க வேண்டுவதில்லை. அவர்தம் 'டிசைட்' என்னும் சொல் வெட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரினின்று வந்தது. நம்மிடமும் 'அறு' என்பதினின்று அறுதியிடல் உண்டு; 'தீர்' என்பதினின்று தீர்ப்பு உண்டு. வள்ளுவரோ, வினைசெயல்வகை அதிகாரத்தில், சூழ்ந்து ஆராய்ந்து காணும் முடிவையே துணிவு என்றார். நாம் அச்சொல்லை அச்சமின்மைக்கு மட்டும் விட்டுவிட்டோம். சொல்வேர் அகழ்ந்த பாவாணர் 1902-இல் பிறந்ததோ, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோயிலில்!

சொற்பிழையோடு இது நிற்கவில்லை, தோழர்களே. 'எடுக்கப்படும்' என்றால் எடுப்பவர் யார்? எந்நாளில்? வினை இருக்கின்றது; வினைமுதலைக் காணோம். 'வட்டாட்சியர் இன்ன நாளில் முடிவு செய்வார்' என்று எழுதினால், அந்நாளில் அவர்முன் சென்று நிற்கலாம். 'எடுக்கப்படும்' என்பதன்முன் யார் சென்று நிற்பது?

அத்தகைய தாள் உங்கள் கைக்கு வருமாயின், அதன் பின்புறத்திலேயே, 'முடிவு செய்பவர் யார்? நாள் எது?' என்றெழுதி, மறு அஞ்சலிலேயே திருப்பி விடுங்கள்.